பலகை எங்களுக்கு, சங்கிலி அவர்களுக்கு

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பதும் விட்டுவிடுவதுமாக இருந்தேன். எங்கள் ஊரில் இரண்டு தெருக்காரர்களும் எனக்கு வேண்டியவர்கள். யார் மனமாவது நோகுமே என்று பயம். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

வலங்கைமானுக்குக் கிழக்கே எங்கள் ஊர். நிலம் வைத்திருந்த நாங்கள் பெரிய தெரு, கூலிவேலைக்கு வந்தவர்கள் தெற்குத் தெரு. நடுவில் வாய்க்கால் கரையில் கொஞ்சம் புறம்போக்கு கிடந்தது. சாயங்காலம் எல்லாரும் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முன்னின்று அதில் ஒரு கொட்டகை போட்டார். மூங்கில் எங்கள் தெரு கொடுத்தது, கீற்று அவர்கள் முடைந்தார்கள். உள்ளே ஒரு ரேடியோ, ஒரு கேரம் போர்டு, ஓர் ஊஞ்சல். டிக்கெட் கிடையாது. அறுவடை முடிந்ததும் முடிந்தவர்கள் நெல் அளந்து போடுவார்கள், முடியாதவர்கள் தரையை மெழுகிக் கொடுப்பார்கள். அந்த நெல்லை விற்றுத்தான் ரேடியோவுக்குப் பாட்டரி. உள்ளே வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே பாய்.

தெற்குத் தெரு ஆள் ஒருவர் கேரம் காயை ஓங்கி அடிப்பார். "ஏம்ப்பா, இது போர்டு, கதிரடிக்கிற களம் இல்ல" என்பார் எங்கள் தெருப் பண்ணைக்காரர். "களத்துல அடிச்சா உங்களுக்குல்ல போவுது. இங்க அடிச்சா எனக்கு வருதுங்க" என்று பதில் வரும். பண்ணைக்காரரும் சேர்ந்து சிரித்த காலம் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகை பெண்களுக்கு. கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு நான் நேரே அங்கேதான் போவேன். தெற்குத் தெருவில் என்னைவிட இளையவள் ஒருத்தி, சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் போனவள். அவளுடைய தாயார் முதுகில் சுமந்து வந்து ஊஞ்சலில் உட்கார வைப்பாள். நான் ஆட்டிவிடுவேன். தாயார் முதுகில் இருக்கும்வரை என்னை "அம்மா" என்பவள், ஊஞ்சலில் ஏறிவிட்டால் "அக்கா" என்பாள்.

"இன்னும் கொஞ்சம் வேகமாக்கா. காலு இருந்தா இந்த வேகத்துலதான் ஓடியிருப்பேன்."

அவள் வீட்டைவிட்டு வெளியே வந்தது அதற்கு மட்டும்தான்.

அப்புறம் ஆட்சி மாறியது. கூலி உயரும், நிலம் கிடைக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. எங்களுக்குப் பயம். ஒரு சம்பா அறுப்பில் கூலித் தகராறு முற்றி, பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். தெற்குத் தெருவில் சிவப்புக் கொடி ஏறியது. அம்மன் புண்ணியம், எங்கள் ஊரில் உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றுபோனது. கொட்டகையில் உட்கார்ந்தால் கைகலப்புதான் வரும், பிரித்துக்கொள்வோம் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரரையே பிரிக்கச் சொன்னார்கள். அவர் சாமி கும்பிட்டுவிட்டுப் போய், ஓரவஞ்சனை இல்லாமல் பிரித்தார். ரேடியோ எங்கள் தெருவுக்கு, பாட்டரி அவர்களுக்கு. போர்டு அவர்களுக்கு, காய்கள் எங்களுக்கு. ஊஞ்சல் பலகை எங்களுக்கு, சங்கிலி அவர்களுக்கு. ஒருவரும் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "சண்டை வராம பிரிச்சுட்டேன். ஆனா யாருக்கும் ஒண்ணும் கெடைக்கல" என்றார்.

பலகையையாவது அந்தப் பெண் வீட்டுக்குக் கொடுங்கள் என்று எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன். பொதுச் சொத்து, ஒருத்திக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். சங்கிலியை அவள் தாயார் கேட்டபோது அங்கேயும் அதே பதில்தான். பலகை எங்கள் கொல்லையில் மழையில் நனைந்து விரிசல் விட்டது.

சண்டை ஓய்ந்த பிறகு பொங்கல் கொடுக்கும் சாக்கில் அவளைப் பார்க்கப் போனேன். இருட்டான குடிசையில் சுவரில் சாய்ந்திருந்தாள். "வாங்கம்மா" என்றாள்.

"அக்கான்னு கூப்பிடும்மா" என்றேன்.

"அது ஊஞ்சல்ல ஏறினாத்தாங்கம்மா" என்றாள்.

அடுத்த ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விளக்குப் போடும்போது அவளுக்காகவும் ஒரு திரி போடுகிறேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எந்தத் தெருவையும் நல்லதாக்கவோ கெட்டதாக்கவோ வேண்டாம். பலகை யாருக்கு, சங்கிலி யாருக்கு என்று நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.