கறுப்பு விளிம்புக்குள் உயிரோடு இருப்பவர்கள்

கடையைத் திறந்து விளக்கைப் போடும்போது தவம் எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, கிறிஸ்டா அன்ரி போயிட்டா. விடிய நித்திரையிலயே..." என்றான். பின்னால் அவன் வேலை செய்யும் குளிர்கிடங்கின் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் கதிரையில் இருந்து அழுதேன். அழுது முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. எங்கள் முதியோர் மன்றத் தலைவர். "சுகந்தி, அந்த ஜேர்மன் அம்மா மோசம் போயிட்டாவாம். ஒரு நோட்டீஸ் அடிக்கவேணும். வழக்கம்போல மேகம், குத்துவிளக்கு எல்லாம் போட்டு வடிவாச் செய்துவிடும்" என்றார்.

நான் அப்படிச் செய்யவில்லை. நோட்டீஸைப் பார்த்துவிட்டு மேகம் எங்கே, விளக்கு எங்கே, முகம் ஏன் இவ்வளவு சின்னது என்று பலர் என்னைத் திட்டினார்கள். கிளென் வேவர்லியிலிருந்து ஒருவர் எனக்குத் தொழில் மறந்துபோயிற்றா என்றே கேட்டார். இப்போது முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சுக்குப் போகவேண்டும். அதன் அட்டைப் படத்துக்கும் அதே சண்டை தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரிக்கு எதற்கு முப்பத்தோராம் நாள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்டாவைத் தெரிந்த எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். சமாதானம் சொல்வதற்காக அல்ல.

மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் எனக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. கல்யாணக் கார்டு, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்தியவீட்டு ஆல்பம் எல்லாம் செய்வேன். ஆனால் கடையை நடத்துவது மரண அறிவித்தல்தான். நம்மவர் யாராவது கண்ணை மூடினால் அவருடைய படம் என்னிடம் வரும். தலையை வெட்டி எடுப்பேன். கோட் இல்லாதவருக்குக் கோட் போடுவேன். பின்னால் நீலவானமும் வெண்மேகமும், கீழே ஒரு விளக்கு, சுற்றிவரக் கறுப்பு விளிம்பு. அடித்த நோட்டீஸில் ஒன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவேன். மரக்கறி வாங்க வருகிற சனம் அதைப் பார்த்துத்தான் யார் போனது என்று அறிந்துகொள்ளும்.

பக்கத்து வியட்நாமியப் பேக்கரியில் பாண் வாங்க வந்த ஒரு கிழவி அந்தக் கண்ணாடியின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. "இவர்களை இரண்டாம் தடவை கொல்வது யார்? நீதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் கடை, என் மேகம். உங்களுக்கு என்ன வந்தது?" என்றேன். படத்தில் ஒரு வெட்டும் வைக்காத அந்த மனுசி, பேச்சில் வெட்டொன்று துண்டிரண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் ஒரு நோட்டீஸைக் காட்டினார். முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே வேலைத்தளத்தில் இறந்துபோன ஒரு பெடியனின் நோட்டீஸ். "இவனுடைய தோளில் ஒரு கை இருக்கிறது. ஆள் இல்லை. இது யாருடைய கை?" என்றார்.

சொன்னேன். அந்தப் பெடியனுக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல படம், தம்பியோடு நின்று எடுத்தது. அந்தத் தம்பி போரின் கடைசியில் காணாமல் போனவன். தாய் இன்னும் அவனைத் தேடுகிறாள். அவன் முகம் மரண அறிவித்தலில் வரக்கூடாது, வந்தால் செத்தவனாகிவிடுவான் என்று அவள் போனில் கதறினாள். அதனால் தம்பியை எடுத்துவிட்டேன். தோளிலிருந்த கையையும் அழிக்கவா என்று கேட்டபோது, "கை இருக்கட்டும் பிள்ளை. அண்ணனைத் தனிய விடாதே" என்றாள். அதனால்தான் அது அங்கே இருக்கிறது.

அந்தக் கிழவி, அவர்தான் கிறிஸ்டா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "பிறகு எதற்கு இந்த மேகம்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்று தொடங்கிய சிநேகம் அவர் சாகும்வரை சண்டையிலேயே ஓடியது.

போர் முடிந்த ஜேர்மனியில் படம்பிடிக்கப் படித்து, இளம்பெண்ணாகக் கப்பலேறி மெல்பேர்ணுக்கு வந்தவர் அவர். டண்டினோங்கின் தொழிற்சாலைகளையும் தானியக் குதிர்களையும் இரும்புப் படிக்கட்டுகளையும் அரை நூற்றாண்டுக்கு மேல் படம்பிடித்தார். பூ, பறவை, சூரிய அஸ்தமனம் ஒன்றும் அவருக்கு ஆகாது. நவீனத்துவப் புகைப்படக் கலைஞர் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகள் எழுதினவாம். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். கடைகளுக்குப் பின்னாலிருந்த சின்ன யுனிற் வீட்டில், குளியலறையை இருட்டறையாக்கி வைத்துக்கொண்டு அவர் மட்டும் மறக்காமல் வேலை செய்தார். படத்தைப் பெரிதாக்கும் கருவியில் நெகற்றிவைப் பிடிக்கும் தகட்டின் உள்விளிம்பை அரத்தால் அராவி அகலமாக்கியிருந்தார். அதனால் எடுத்த படம் முழுவதும், அதைச் சுற்றியுள்ள வெற்றுப் பிலிமும் சேர்ந்து அச்சாகும். அந்த வெற்றுப் பிலிம் தாளில் கறுப்பு விளிம்பாக விழும். "இந்தக் கோடு இருந்தால், ஒன்றும் வெட்டப்படவில்லை என்று அர்த்தம்" என்பார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் அவருடைய குசினியில் கோப்பி குடிக்கும்போது கேட்டேன். அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்துவந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. பிறந்தநாள் மேசைக்குப் பின்னால் ஓர் ஓட்டை. குழந்தை கிறிஸ்டா ஓர் ஓட்டையின் மடியில் இருந்து சிரிக்கிறார். தகப்பன் நாசிச் சீருடையில் இருந்த படங்கள் அவை. போர் தோற்றதும் தாய் கத்தரிக்கோலை எடுத்து அந்த மனிதரை எல்லாவற்றிலிருந்தும் வெட்டி அடுப்பில் போட்டுவிட்டார். "என்னைக் காப்பாற்றத்தான் வெட்டினார். ஆனால் இந்த ஆல்பத்தை யார் திறந்தாலும் முதலில் பார்ப்பது ஓட்டையைத்தான். என் அப்பா குற்றவாளி என்றால் குற்றவாளியாகவே அங்கே இருந்திருக்க வேண்டும். நான் அவரைப் பார்த்துக் கோபப்பட்டிருப்பேன். ஓட்டையோடு எப்படிச் சண்டை போடுவது?" என்றார். அவர் அழுவார் என்று நினைத்தேன். இன்னொரு கோப்பி ஊற்றினார்.

தவத்தை அவருக்கு அறிமுகப்படுத்தியது நான்தான். தவம் படகில் வந்தவன். மனைவியும் மகளும் மன்னாரில். கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் இப்போது பெரியபிள்ளை. தற்காலிக விசாவில் போகவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அவனைப் போன்றவர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே வைத்துப் படம்பிடிக்க வேண்டும் என்று கிறிஸ்டா பிடித்த பிடியாய் நின்றார். அன்று தவம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கோட் போட்டு, தலைக்குக் கிறீம் பூசிக்கொண்டு வந்து நின்றான். கோட்டோடு குளிர்கிடங்கு வாசலிலேயே நில் என்றார். "சிரிக்கவேண்டாம். கெஞ்சவும் வேண்டாம்" என்றார். யாரைப் படம்பிடித்தாலும் அவர் சொன்னது இந்த இரண்டு வசனமும்தான்.

படம் வந்தது. தாள் முழுவதும் ஒரு பிரமாண்டமான வெள்ளைக் கதவு. இடது மூலையில், விரற்கடை அளவில், கோட்டும் ரப்பர் சப்பாத்துமாகத் தவம். அவன் முகம் விழுந்துவிட்டது. "அன்ரி, இதில நான் எங்கை?" என்றான்.

"இவ்வளவு பெரிய கதவை ஒவ்வொரு நாளும் திறப்பது யார்?"

"நான்தான்."

"அப்போது படம் முழுவதும் நீதான்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் படத்தைப் பார்த்த விதமே வேறு.

அந்தப் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு நகரத்துக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார்கள். கிறிஸ்டா இதை எவ்வளவு விரும்பினார் என்று எனக்குத் தெரியும். கறுப்புச் சட்டையை எடுத்து ஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்தார். வந்தவர்கள் மிக மரியாதையானவர்கள். படங்கள் அருமை என்றார்கள். ஆனால் கதவும் இயந்திரமும் வேண்டாமாம். முகத்தை மட்டும், முடிந்தால் கண்களை மட்டும் வெட்டி, சுவரளவு பெரிதாக்கி வைக்கலாமாம். பார்க்கிறவர்களுக்கு அழுகை வரவேண்டுமாம்.

கிறிஸ்டா தவத்தைப் பார்த்தார். தவம், "வெட்டட்டும் அன்ரி, எனக்குப் பரவாயில்லை. உங்கட பேர் வெளியில வரும்" என்றான். மனதாரத்தான் சொன்னான். "இவர்களுக்குக் கண்ணீர் வேண்டும். கதவு வேண்டாம். கதவைப் பார்த்தால் அதை யார் பூட்டியது என்று கேட்கவேண்டி வரும்" என்றார் கிறிஸ்டா. பிறகு எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்தார். அவர்கள் போய்விட்டார்கள். தொண்ணூறை நெருங்கிய வயதில், இனி ஒருபோதும் வராத சந்தர்ப்பம் அது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பெருமையாகவும் இருந்தது.

"என் கடைக் கண்ணாடி இருக்குத்தானே" என்றேன். மரண அறிவித்தல்களையும் கல்யாணக் கார்டுகளையும் அகற்றிவிட்டுப் படங்களை வரிசையாக மாட்டினோம். கறுப்பு விளிம்போடு, முழுதாக. நடுவில் தவம்.

பெரிய முட்டாள்தனம் செய்கிறோம் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அவருக்குக் கறுப்பு விளிம்பு என்றால் வெட்டவில்லை என்று அர்த்தம். நம் சனத்துக்கு? அதுவும் என் கடைக் கண்ணாடியில்? மத்தியானத்துக்குள் தவம் செத்துப்போனான் என்ற செய்தி ஸ்பிரிங்வேல் சந்தையைத் தாண்டி, பக்கத்து ரோவிலைத் தாண்டி, மன்னாருக்கே போய்விட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தவத்தின் மனைவி அவனுக்கு அழைத்து அழைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் போன் வேலையிடத்துப் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தது, அவன் குளிரறைக்குள் நின்றான். வேலை முடிந்து வெளியே வந்து அவளுக்கு எடுத்தபோது, அவனுடைய குரலைக் கேட்டும் அவள் நம்பவில்லையாம்.

தவம் வேலையுடுப்போடு கடைக்கு வந்தான். நான் அவனை அப்படிக் கோபத்தில் பார்த்ததே இல்லை. "கழட்டுங்கோ அக்கா! என்ர பிள்ளை அங்கை விழுந்து அழுகுது" என்று கத்தினான். நான் ஏணியில் ஏறிவிட்டேன். கிறிஸ்டா பேயறைந்தவர் போல ஒரு மூலையில் நின்றார். அப்போது தவத்தின் கையிலிருந்த போனில் அவன் மனைவி. அழுது அழுது கம்மிய குரல்.

"ஏன் கழட்டுறியள்? கழட்டினா ஆள் செத்தது எண்டுதான் சனம் நினைக்கும். அங்கை கிடக்கிற ஆக்கள் உயிரோட இருக்கினம் எண்டு எழுதி ஒட்டச் சொல்லுங்கோ. எல்லாரும் வாசிக்கட்டும். விசா குடுக்கிறவையும் வாசிக்கட்டும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கிறிஸ்டா ஒரு பெரிய மட்டையும் தூரிகையும் கேட்டார். நான் கணினியில் அடித்துத் தருகிறேன் என்றதற்கு, கையால்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தார். நான் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதினார். "உங்கள் எழுத்தில் ஒரு நேர்கோடுகூட ஒழுங்காக நிற்காதா?" என்று என்னையே திட்டினார். எழுத்துகள் கோணல்மாணலாக வந்தன. "இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்." கீழே ஆங்கிலத்தில் அதையே எழுதினார். தவம்தான் ஏணியில் ஏறி அதை மாட்டினான்.

அதன் பிறகு சனம் வந்தது. கீரைக்கட்டும் மீன்பையுமாக வந்து நின்று பார்த்தது. வியட்நாமியர் வந்தார்கள், ஆப்கானியர் வந்தார்கள், தங்களையும் அப்படி எடுக்கமுடியுமா என்று கேட்டார்கள். கிறிஸ்டா சாகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்களில் ஒருநாள் அவருடைய கமராவை வாங்கி, வீதிக்கு மறுபக்கம் நின்று தவம் ஒரு படம் எடுத்தான். கடையின் முகப்பு முழுவதும் அதில் இருக்கிறது. பாண் கடையின் பெயர்ப்பலகை, மாம்பழப் பெட்டிகள், கண்ணாடிக்குள் படங்கள், நடுவில் கோணல் எழுத்து மட்டை. வலது ஓரத்தில், சின்னதாக, ஊன்றுகோலைத் தூக்கித் தவத்தையே திட்டிக்கொண்டிருக்கிறார் கிறிஸ்டா. பின்னுக்குப் போ என்று சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தப் படத்தைத்தான் நோட்டீஸில் போட்டேன். நினைவு மலரின் அட்டையிலும் அதுதான் வரும்.

தலைவர் நேற்றும் வந்தார். "முகத்தை மட்டும் வெட்டி எடும், சுகந்தி. செத்தவீட்டு மலரில 'உயிரோடு இருக்கிறார்கள்' எண்டு கிடந்தா அபசகுனம் அல்லே?" என்றார். நல்ல மனிதர், கிறிஸ்டாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முகத்தை வெட்டினால் மட்டை போய்விடும். மட்டை போனால் தவம் போய்விடுவான், அவன் மனைவி சொன்ன சொல்லும் போய்விடும். மிஞ்சுவது மேகத்தில் மிதக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவரை எனக்குத் தெரியாது.

பிடிவாதம் பிடித்த மனுசி, அவர் இல்லாமல் எனக்குக் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. அராவிய அந்தத் தகட்டை எனக்கென்று விட்டுப்போயிருக்கிறார். அதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மேசையில் வைத்திருக்கிறேன். என் கணினியில் மேகங்கள் கிடந்தன அல்லவா, விதம் விதமாக, வருடக்கணக்காகச் சேர்த்தவை. அவற்றை அழித்துவிட்டேன். மேகம் வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்.

தவத்துக்கு இன்னும் நிரந்தர விசா வரவில்லை. நேற்றுத் தலைவர் போன பிறகு அவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அக்கா, மட்டை மங்கிப்போச்சு. கழட்டவோ?" என்று கேட்டான். தூரிகையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கிறிஸ்டா எழுதிய கோணல் எழுத்துகளின் மேலேயே, கோணல் மாறாமல், அவன் கறுப்பு மையைப் பூசினான். தெருவில் நின்றாலும் இப்போது வாசிக்கலாம்.