செட்டு மாத்திரை வில்லன்

எங்கள் கல்லூரிக்கு மக்கள் மீது அக்கறை பிறக்க வேண்டுமென்றால், கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வர வேண்டும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். மக்கள் மருந்துகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. அதாவது, அடுத்தவர் வீட்டு மாத்திரை டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவர்கள் ஒருநாளும் படிக்க முடியாத ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவது.

தகவல் வந்ததும் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "பாதுகாப்பான மருந்துப் பயன்பாடு பத்தி ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி பண்ணிடுங்க மேடம். போட்டோ நல்லா வரணும், அது முக்கியம்."

மாமல்லபுரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் ஊர். இப்போது பாதிப் பேருக்குக் கடற்கரை ரிசார்ட்டுகளில் வேலை, மீதிப் பேருக்கு சிலைப் பட்டறையிலும் கல்பாக்கத்துக் காண்டிராக்டரிடமும் வேலை. சமுதாயக் கூடத்தில் திரை கட்டி, 'நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்புத்திறன்' என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை முடிப்பதற்குள் சாதாரணக் காய்ச்சலாக இருந்தால் தானே இறங்கியிருக்கும். முன்வரிசையில் இருந்த ஒருவர் கை தூக்கினார். ஆகா, சந்தேகம் கேட்கிறார் என்று மகிழ்ந்துபோனேன்.

"இன்னாமா, பேச்சு முடிஞ்சி சமோசாவா, இல்ல சமோசா முடிஞ்சி பேச்சா?"

சமோசா முடிந்த பிறகு பேச்சைக் கேட்க யாரும் இல்லை.

அதனால்தான் அடுத்து தெருக்கூத்துப் பாணியில் ஒரு வீதி நாடகம் என்று முடிவாயிற்று. துறைத்தலைவருக்கும் பிடித்துப்போனது. நாடகம் என்றால் போட்டோ இன்னும் கலராக வருமாம். கதையை நான்தான் எழுதினேன். டாக்டர் சீட்டு இல்லாமல் 'செட்டு மாத்திரை' விற்கும் மெடிக்கல் கடைக்காரன் வில்லன். என்ன வலி என்று போய் நின்றாலும், நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பேர் தெரியாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் செட்டு. அவனைத் திருத்த வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு நல்ல பார்மசிஸ்ட். கடைசியில் போலீஸ் வந்து வில்லனைப் பிடிக்கும். உலகம் திருந்தும்.

நல்லவராக நடித்தவள் எங்கள் கல்லூரியின் முதல் ரேங்க் மாணவி, திருநெல்வேலிப் பெண். வில்லன், இறுதியாண்டுப் பையன் ஒருவன். கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டுபவரின் மகன். அவன் பாஸ் செய்த பாடங்களைச் சொல்வது சுலபம், அரியர்களைச் சொல்ல நேரம் பிடிக்கும்.

நாடகத்தன்று அதே ஊர்த் தெருவில் அவன் ஒரு மேஜையைப் போட்டுக் கத்தரிக்கோலும் கையுமாக நின்றான்.

"வா அண்ணாத்த! இன்னா, ஒடம்பு வலியா? மஞ்சா ஒன்னு, செவப்பு ஒன்னு, வெள்ள ஒன்னு. துன்னுட்டு படு. நாளைக்கி மாமியாக்காரி தொரத்தினு வந்தாக்கூட உன்ன புடிக்க முடியாது!"

கூட்டம் ஆரவாரித்தது. உடனே வெள்ளைக் கோட்டு உள்ளே வந்தது. "ஐயா, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டின்றி மருந்துகளை உட்கொள்வது உடல்நலத்திற்குத் தீங்கு விளைவிக்கும்." முன்னால் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

போலீஸ் வில்லனின் சட்டையைப் பிடித்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏய், அவன இன்னாத்துக்குப் புடிக்கிற? டாக்டராண்ட போனா ஒரு நாள் கூலி பூடும். நீ குடுப்பியா?"

போலீசாக நடித்த மாணவனுக்கு இதற்கு வசனம் எழுதித் தந்திருக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

நாடகம் முடிந்ததும் ஆராய்ச்சிக்காக ஒரு கேள்வி: 'இனிமேல் உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரிடம் போவீர்கள்?' பதில் சொன்னவர்களில் பெரும்பாலானோர் வில்லனைக் கைகாட்டினார்கள். அதற்குள் அவன் மேஜைக்கு முன்னால் சின்னதாக ஒரு வரிசையும் சேர்ந்துவிட்டது.

முதலில் நின்றவர் ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண். நாற்பதைத் தாண்டியவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், யூனிபார்ம் புடவை மாற்றவில்லை.

"கண்ணு, எனக்கு அந்த வெள்ள மட்டும் குடு."

"யக்கா, அது மிட்டாய்க்கா. வோணா துன்னு பாரு."

"எனக்கே கத வுடாத. எனக்கு வெள்ளதான் கேக்குது." கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "தோ பாரு, இதான்."

உள்ளே குட்டியாக வெள்ளை மாத்திரைகளும், பாதியாக உடைத்த மஞ்சள் மாத்திரைகளும் இருந்தன. அட்டை இல்லை, பேர் இல்லை. வில்லன் கடைக்காரத் தோரணை மாறாமல் கேட்டான். "எப்பலேந்து துன்னுகினு கீற?"

"போன மழைக்கி முன்னாடிலேந்து. முட்டி வலிடா. இது போட்டாதான் மாடி ஏற முடியுது. மூஞ்சப் பாரு, நல்லா பூசினா மாறி ஆய்ட்டேன்ல? வூட்ல சோறு நல்லா துன்றியான்னு எல்லாரும் கேக்கறாங்க."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கன்னங்கள் உருண்டு பளபளத்தன. கையோ குச்சியாக இருந்தது, தோலில் அங்கங்கே கன்றிப்போன திட்டுகள். முகம் இப்படி ஊதுவது ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம் என்று தோன்றியது.

"உடனடியாக நிறுத்திவிட வேண்டும்!" என்றாள் வெள்ளைக் கோட்டுக்காரி. அவள் தலைக்கு மேலே துறைத்தலைவரே வாசகம் எழுதிய எங்கள் பேனரும் ஆடியது: 'பெயர் தெரியாத மாத்திரையா? இன்றே நிறுத்து!'

ஸ்டீராய்டை மாதக்கணக்கில் விழுங்கினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே சாய்ந்துவிடலாம். அந்த வாசகம் இத்தனை பெரிய எழுத்தில் எங்கள் செலவிலேயே அச்சாகியிருந்தது.

"நிறுத்தாதீங்கம்மா," என்று குறுக்கே புகுந்தேன். "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். நாளைக்குக் காலையில பொட்டலத்தோட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அந்தப் பொண்ணு நிறுத்துன்னுது. நீ நிறுத்தாதன்ற. மேல நிறுத்துன்னு எழுதி கீது. மொதல்ல நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நா அப்பால வரேன்." பிறகு வில்லன் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா சொல்ற?"

"மேடம் சொல்றது கரீட்டுக்கா. சட்டுனு நிறுத்தினா ஒடம்பு படுத்துக்கும். டாக்டரு கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு. நானே வண்டில இட்டுனு போறேன், வா."

"அத்த மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார் என்னிடம்.

மறுநாள் செங்கல்பட்டில் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்ததுமே என் சந்தேகத்தைத்தான் சொன்னார். சர்க்கரையும் ஏறியிருந்தது. அளவைப் படிப்படியாகக் குறைக்க ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். அடுத்த சில மாதங்கள் அந்தப் பெண்ணுக்குச் சோர்வு, எரிச்சல், வலி. தினமும் வில்லனுக்கு போன் போட்டுத் திட்டினார். விழிப்புணர்வு ஊட்டிய எனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. ஒருநாள் வகுப்புக்கு வெளியே அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"மூஞ்சி வத்திப்போச்சி. முட்டி மட்டும் நல்லா வலிக்கிது. இன்னாத்த சாதிச்சீங்க?"

நியாயமான கேள்வி. எக்ஸ்ரேயில் முட்டி தேய்ந்திருந்தது. மாடி ஏறக் கூடாது என்றார் டாக்டர். அவர் வேலையோ, வாளியும் படுக்கை விரிப்புமாக நாள் முழுக்க மாடி ஏறுவது. இதற்கு எந்த மாத்திரையைப் பரிந்துரைப்பது என்று என் புத்தகங்களில் இல்லை. ரிசார்ட் சூப்பர்வைசரிடம் நான் போய்ப் பேசினேன். எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்புவதாக மிகப் பணிவாகச் சொன்னார். அவர் பணிவு எனக்கு நன்றாகப் புரிந்தது, எங்கள் கல்லூரியிலும் அதே பணிவுதான்.

அந்தப் பெண் எழுத்துப்பூர்வமாக எதையும் கொடுக்கவில்லை. ஒரு காலையில் படிக்கட்டின் அடியில் வாளியை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நா ஏறமாட்டேன். வோணும்னா ரூம கீழ எறக்கு" என்றாராம். விருந்தினர்கள் சுற்றிக்கொண்டு போக, மதியத்துக்குள் அவரைத் தரைத்தளத்தில் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆய்வுக் குழு வந்து போனது. மக்களின் மருந்தறிவு கணிசமாக உயர்ந்ததாகத் துறைத்தலைவர் அறிக்கையில் எழுதியிருந்தார். போட்டோக்கள் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன. எல்லாவற்றிலும் வில்லன்தான், ஒன்றிலும் நல்லவள் இல்லை.

அதற்காக அவள் அழுதாள், பிறகு வில்லனிடமே போய் இந்தப் பக்கத்துப் பேச்சைக் கற்றுத்தரச் சொன்னாள். இப்போது எங்கள் நாடகத்தில் போலீஸ் கிடையாது. பேனரில், 'நிறுத்துமுன் கேள்' என்று இருக்கிறது. துறைத்தலைவருக்கு அதில் வேகம் போதவில்லை.

போன வாரம் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, வயது கூடித் தெரிந்தார். வலி எப்படி என்று கேட்டேன்.

"கீது. ஆனா தாங்கற மாறி கீது." கொஞ்சம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்கூட ஒருத்தி கீறா மேடம். அவ மூஞ்சும் இப்ப உருண்டுகினு வருது. அதே கட, அதே வெள்ள."

"நான் வந்து பேசறேன்," என்றேன்.

"ஐயோ, நீ பேசாத. நீ பேசினா பேஜாராயிடும், அவ ஓடிப்பூடுவா. அந்தப் பையன அனுப்பு."

அங்கேயே அவனுக்கு போன் செய்தேன். அரியர் பரீட்சை, போனை அணைத்து வைத்திருந்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஒரு கையால் முட்டியையும் மறு கையால் கம்பியையும் பிடித்து, படியைத் திட்டிக்கொண்டே ஏறினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மறந்துவிடாதே என்று சைகை காட்டினார்.