கதவுப் பக்கம் வளைந்த குண்டு

அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருந்தவளுக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. யார் வைத்தார்கள் என்று அவள் ஒரு வருடம் துருவிப் பார்த்தாள். பிடிபடவில்லை. அந்தப் பெயரையே சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து, அதோடு விட்டுவிட்டாள்.

பிறவியிலேயே சந்தேகக்காரி என்று அவளைச் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் தராசுப் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை எடைக்கல் காணாமல் போனது. அப்போதைய தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் அவள் கைப்பையைக் கொட்டச் சொன்னார். சீப்பு, பேனா, மருந்துச்சீட்டு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எல்லாம் மேசைமேல் விழுந்தன. மூன்று வாரம் கழித்து அந்தக் கல் இழுப்பறைக்குப் பின்னால் கிடைத்தது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து, அடுத்தவர் தன்னைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தான் முந்திக்கொள்வது என்று அவள் பழகிவிட்டாள். பூட்டிய அலமாரியை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். கழுவி வைத்த கண்ணாடிக் குழாய்களை எண்ணுவாள், வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி எண்ணுவாள்.

"நீ கண்ணாடியில உன்னையே பாத்தாக்கூட யாருன்னு கேப்ப" என்பார் தையல்கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர்.

"கேட்டா என்ன தப்பு?" என்பாள்.

அந்த வருடம் புதிதாக ஒரு இயற்பியல் ஆசிரியர் வந்தார். ஒல்லியானவர், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். சும்மா சும்மா சிரிப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவர் வந்த ஒரு மாதத்தில் தச்சரை வைத்து ஒரு வட்டப் பலகை செய்தார். மூன்று கால் கொண்ட இரும்புத் தாங்கியின்மேல் அது மெதுவாகச் சுழலும். பக்கத்தில் ஒரு பழைய மோட்டார், அதற்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் பட்டை. பலகையின் ஓரத்தில் தகரத்தால் ஒரு சின்னச் சரிவுப்பாதை. அதில் இரும்புக் குண்டை விட்டால் அது உருண்டு எதிர் ஓரத்துக்கு ஓடும். பலகைமேல் தூவிய சாக்பீஸ் தூளில் அதன் தடம் விழும்.

"சுத்துற பலகையில உக்காந்து பாக்கிறவங்களுக்கு, நேராப் போறதுகூட வளைஞ்சு போற மாதிரி தெரியும்" என்று வகுப்பில் சொல்லிவிட்டுக் குண்டை விட்டார். தடம் அழகாக வலப்பக்கம் வளைந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

பின்னால் கைகட்டி நின்றவளுக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. அவர் சரிவுப்பாதை ஜன்னலைப் பார்க்கும் நேரத்தில்தான் ஒவ்வொரு முறையும் குண்டை விட்டார். வேறு எந்தத் திசையிலும் விடவில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் கதவு, இடக்கைப் பக்கம் அலமாரி. ஒவ்வொரு குண்டும் கதவுப் பக்கமே சாய்ந்தது. மறுநாள் இன்னொரு வகுப்புக்குக் காட்டியபோதும் அப்படியே. அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வரப்போவதாக அந்த வாரம் சுற்றறிக்கை வந்தது. புது ஆசிரியரின் செய்முறைதான் முதல் நிகழ்ச்சி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் அவள் ஆய்வகத்தை உள்ளே தாழிட்டாள். மோட்டாரைப் போடவில்லை. சும்மா நின்ற பலகையில் ஜன்னலைப் பார்த்துக் குண்டை விட்டாள். சுற்றாத பலகையில் அது நேராக அல்லவா போக வேண்டும்? மூன்று விரல்கடை கதவுப் பக்கம் ஒதுங்கிப் போய் விழுந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் கதவுப் பக்கம்.

மதில்சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து பலகைமேல் வைத்தாள். குமிழ் நடுவில் நிற்காமல் அலமாரிப் பக்கம் ஓடியது; அந்தப் பக்கம்தான் மேடு. மண்டியிட்டுத் தாங்கியின் கால்களைப் பார்த்தாள். அலமாரிப் பக்கத்துக் காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை. உருவிப் பிரித்தாள். அது அவள் பொறுப்பிலிருந்த லென்ஸ் பெட்டியின் மூடி.

குட்டு வெளிப்பட்டால் அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கருவிகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். கைப்பையைக் கொட்டச் சொன்ன அந்த நாள் அவள் கண்முன் வந்து நின்றது. நேராகத் தலைமையாசிரியையிடம் போகத்தான் கிளம்பினாள். மாடிப்படிவரை போனவள் நின்றாள். கேட்காமலேயே ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? திரும்பி வந்து அட்டையை இருந்த இடத்திலேயே செருகினாள்.

சாயங்காலம் மணி அடித்ததும் ஆசிரியர் வந்தார்.

"சார், ஒருவாட்டி எதிர்ப்பக்கம் சுத்திக் காட்டுங்களேன்."

"எதுக்கும்மா? எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுதானே."

"ஒண்ணுன்னா சுத்துங்க. பட்டையக் குறுக்க மாட்டினா எதிர்ப்பக்கம் சுத்தும். நானே மாட்டுறேன்."

மாட்டினாள். பலகை எதிர்ப்பக்கம் சுழன்றது. அவர் பாடப்படி குண்டு இப்போது இடப்பக்கம், அலமாரியை நோக்கி வளைய வேண்டும். அது சற்றுத் தயங்கிவிட்டு, பழையபடி கதவுப் பக்கமே ஒதுங்கியது.

அவள் குனிந்து அட்டையை உருவி மேசைமேல் வைத்தாள். "இது எங்க லென்ஸ் பெட்டி மூடி சார்."

 அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"வளையறது நிஜம்மா" என்றார் கடைசியில். "ஆனா மோட்டார் ரொம்ப மெதுவாச் சுத்துது. ஒரு விரல்கடைதான் வளையுது. கடைசி பெஞ்சுக்குத் தெரியவே இல்ல. நல்லாத் தெரியும்னு ஹெச்.எம். மேடம்கிட்ட சொல்லிட்டேன். வேலையும் இன்னும் நிரந்தரமாகல. அதான்..."

"நிஜம்னா எதுக்கு அட்ட?"

அவர் அட்டையின் மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

அவளுக்கு அவர் சொன்ன நிஜத்திலும் நம்பிக்கை இல்லை. ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமன் செய்யச் சொன்னாள். நின்ற பலகையில் குண்டு நேராகப் போவதை ஐந்து முறை பார்த்தாள். பிறகு மோட்டாரைப் போட்டாள். ஒரு விரல்கடை வலப்பக்கம் வளைந்தது. சரிவுப்பாதை கதவு, அலமாரி, கரும்பலகை என்று ஒவ்வொரு பக்கமும் பார்க்கும்போது விட்டாள். எந்தப் பக்கம் பார்த்து விட்டாலும் ஓடும் குண்டுக்கு வலப்பக்கமே வளைந்தது. பட்டையைக் குறுக்கே மாட்டினாள். எல்லாம் இடப்பக்கம்.

"இது உண்மைதான் போலிருக்கே" என்றாள், ஏதோ ஏமாந்துபோன குரலில்.

"அதத்தானே சொல்றேன்!"

"ஆனா நீங்க குண்ட ரொம்ப உயரத்துல இருந்து விடுறீங்க. அது வளையறதுக்குள்ள ஓடிப் போயிடுது." தகரப்பாதையைப் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தாழ இறக்கினாள். குண்டு சாவகாசமாக உருண்டது. தடம் நான்கு விரல்கடை வளைந்தது.

ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இது எனக்குத் தோணவே இல்லம்மா. பாடத்துல இருக்கிறதுதான். மெதுவாப் போனா அதிக நேரம் ஆகும், அதிகமா வளையும்."

குழு வந்த அன்று, முன்வரிசையில் இருந்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எதிர்ப்பக்கம் சுத்தினா?" என்று கேட்டார். ஆசிரியர் பின்னால் நின்ற பூதக்கண்ணாடியைப் பார்த்தார். அவள் வந்து பட்டையை மாற்றினாள். குண்டு அலமாரிப் பக்கம் வளைந்து போனது. அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இந்தக் கேள்வியை அந்த அம்மாவுக்கு யார் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள்.

மறுவாரம் ஆசிரியர் செய்முறைக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். கருவியைச் சரிசெய்தவர் என்று அவள் பெயரும் அதில் இருந்தது.

"என் பேரு எதுக்கு சார்? நாளைக்கு ஏதாவது கோளாறானா என் தலையில கட்டவா?"

"ஐயோ, நீங்க செஞ்சதுக்கும்மா! நிஜமாவே."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்போது அவர் சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்தது. இருந்தாலும் ஒரு நகல் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டுக்காரரைத் தையல் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படிக்க வைத்தாள். தன் பெயர் வந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லயே?"

"இல்லடி."

"நல்லாப் பாருங்க" என்றாள்.