மௌனிகாவின் பெயரில் வேறொருவர் கடை

உடுமலைப்பேட்டையில் தென்னைநார் மிதியடி செய்து விற்கும் மௌனிகாவின் பெயரில் ஓர் இணைய முகவரி உண்டு. அதைத் திறந்தால் தெரிவதோ, அவளிடம் சரக்கெடுக்கும் மொத்த வியாபாரியின் தளம். அதுதான் சுலபம் என்று அண்ணன் ரோஹன் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தான்.

ஒரு நாள் வியாபாரி தன் தளத்திலிருந்து மிதியடிகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டார். அவள் பெயருக்குக் கீழே அவை விற்பனைக்கு நின்றன.

“ஏனுங்க அம்மணி, நீங்களும் பிளாஸ்டிக்குக்கு மாறிட்டீங்களா?” பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் கேட்டார்.

பெயரை வாடகைக்கு விட்டதுபோல அவளுக்குக் கூசியது. “இல்லீங்க. போர்டு மட்டும்தானுங்க என்னுது, உள்ள கடை வேறொருத்தருது. சாயங்காலம் அந்த முகவரியைத் திறந்து பாருங்க.”

“உனக்குத் தளம் பண்ணத் தெரியுமாக்கும்?” பக்கத்திலிருந்து கேட்ட ரோஹன் சிரித்தான்.

“தெரிஞ்சுக்கிறேன். மொதல்ல அந்த ஆளு பக்கத்தை எடுத்துப்போடு அண்ணா.”

மாலையில் அவள் முகவரியில் அவளே செய்த ஒரே ஒரு பக்கம் வந்தது. மிதியடிப் படம் கொஞ்சம் கோணல். அடியில் அவளுடைய போன் எண்.