அஸ்ரினும் ‘நோ எரர்’ கட்டமும்

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த அலி அக்பரின் மகள் அஸ்ரின் கல்யாணமாகிக் கப்பலேறி ஹட் பேக்கு வந்தபோது, அவள் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று நிறையப் பரீட்சைப் புத்தகங்கள் இருந்தன. கிளார்க் வேலைக்கான தேர்வை அதற்குள் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஆங்கிலத்தில் கோட்டை விட்டிருந்தாள். வீட்டில் ராமநாதபுரத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி என்று வளர்ந்தவளுக்கு ஆங்கிலம் புத்தகத்தோடு சரி. வாக்கியத்தைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

கணவன் அப்துல் ஹாதி கப்பல்துறைக்குப் போகும் சாலையில் மளிகையும் வீட்டுச் சாமானும் விற்கும் கடை நடத்தினான். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கப்பல்காரர்களிடமும் டூரிஸ்டுகளிடமும் பேசிப் பேசியே ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தான். போர்ட் பிளேர் சரக்கு ஏஜெண்டுக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் எழுதி, அனுப்புமுன் ஒருதரம் வாய்விட்டுப் படிப்பது அவன் வழக்கம்.

அஸ்ரினுக்கு அதுவே பயிற்சியாகிவிட்டது. “‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பு மச்சான், அபவுட் வராது.” “‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’னு சொல்லாதீங்க, ஃப்ரெண்ட்ஸ்.” முதலில் அவனும் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டான். கொஞ்ச காலத்தில் கடைப் பலகை, ரேஷன் கடை நோட்டீஸ், மாமியார் ரஹ்மத்துன்னிசாவின் மருந்துச் சீட்டு என்று எதைப் பார்த்தாலும் அவள் கண் பிழையைத்தான் தேடியது. ஹாதி வாய்விட்டுப் படிப்பதைக் குறைத்துக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் காலை கடையில் கூட்டம். வரவேண்டிய நாற்காலிகள் கப்பலில் வரவில்லை. அவசரத்தில் பழைய பழக்கம் திரும்பி, ஹாதி மெசேஜைச் சத்தமாகப் படித்துவிட்டான். “மை ஃபர்னிச்சர் ஹேஸ் நாட் அரைவ்ட்.”

“ஹேஸ் இல்ல மச்சான். வர்றது ஒரு நாற்காலியா? ஃபர்னிச்சர்ஸ் ஹேவ்னு போடுங்க,” என்றாள் அஸ்ரின் உள்ளிருந்து.

சோப்பு வாங்க வந்திருந்த நளினி தயங்கித் தயங்கி, “அக்கா, ஃபர்னிச்சருக்கு எஸ் சேராது. எத்தனை இருந்தாலும் ஒருமைதான். அண்ணன் எழுதினது சரி,” என்றாள். தற்காலிக ஆசிரியையாக இருந்துகொண்டு அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் அவள்.

பக்கத்தில் நின்ற வங்காளி ஒருவர், “அரே, மேடம் ஃபெயில் ஹோ கயி!” என்று சிரித்தார். கடையே சிரித்தது. ஹாதி மட்டும் சிரிக்கவில்லை. எழுதியதை எழுதியபடியே அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்குச் சர்க்கரை நிறுத்தான்.

மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான். “நீ படிக்கிறது எனக்குச் சந்தோஷம்தான் புள்ள. ஆனா நான் பேசறது உன் கேள்வித்தாள் இல்ல. உனக்கு முன்னால வாயத் தெறக்கவே யோசனையா இருக்கு.”

 மற்றவர்கள் சிரித்ததைவிட இதுதான் அஸ்ரினைச் சுட்டது.

மறுநாள் அவளே நளினியைத் தேடிப் போனாள். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். அஸ்ரின் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகளைப் புரட்டிய நளினி கேட்டாள்: “ஏன்க்கா, ஒரு இடத்துலகூட ‘நோ எரர்’ கட்டத்துல டிக் போடலையே?”

“தப்பைக் கண்டுபிடின்னுதானே கேக்கறான்? தப்பே இல்லாத வாக்கியத்தை எதுக்குக் குடுப்பான்?”

“குடுக்கறான்க்கா. நீங்க அதுலயும் ஒண்ணைப் பிடிச்சு அடிச்சிடறீங்க. நெகட்டிவ் மார்க் பூரா அங்கதான் போகுது.”

அன்றிலிருந்து பிழை கண்ணில் படாவிட்டால் ‘நோ எரர்’ போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பழகினாள். லேசான காரியமாக இல்லை. சரியான வாக்கியத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். எழுவாயையும் வினையையும் பிரித்து ஒட்டிப் பார்ப்பதில் அஸ்ரின் கெட்டி. நளினி அதில் தடுமாறுவாள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் அஸ்ரின் யாரையும் திருத்துவதில்லை என்று தனக்குத்தானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். சில நாள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தேர்வு போர்ட் பிளேரில். காற்று வலுக்கும் என்று கேள்விப்பட்ட ஹாதி, முன்கூட்டியே கிளம்பும் கப்பலில் அஸ்ரினுக்கு டிக்கெட் எடுத்தான். நளினி அடுத்த கப்பலுக்கு எடுத்திருந்தாள். அஸ்ரின் கிளம்பும் அன்று அந்த அடுத்த கப்பல் ரத்தாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நளினி துறைக்கு ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் ஹாதி, ஏணிப்படியருகே நின்ற கப்பல் அதிகாரியிடம் போனான். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர் அவர். ஹாதி இந்தியில் கேட்டதற்கு, டிக்கெட் இல்லாமல் ஏற்ற முடியாது என்று விறைப்பாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

ஹாதியும் ஆங்கிலத்துக்கு மாறினான். “சார், திஸ் கேர்ள் ஹேவிங் எக்ஸாம். டுமாரோ ஷிப் கேன்சல். யூ நாட் டேக்கிங், ஹர் ஒன் இயர் ஃபுல் வேஸ்ட். சம்படி நாட் கம்மிங் மீன்ஸ், கிவ் தட் சீட் சார்.”

வரிக்கு வரி பிழை. அஸ்ரின் காதில் ஒவ்வொன்றும் விழுந்தது. வாயைத் திறக்காமல் நளினியின் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி ஹாதியை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். கடைசிவரை வராத பயணி ஒருவரின் இடத்தை நளினிக்குப் போட்டுக்கொடுத்தார். கப்பல் நகர்ந்தபோது ஹாதி கடையைத் திறக்கத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

முடிவு வந்தபோது நளினிக்கு வேலை கிடைத்திருந்தது. அஸ்ரினுக்கு இல்லை. ஆங்கிலத்தில் அவளுக்கு இதுவரை வாங்காத மார்க். காலை வாரியது கணக்கு.

ரஹ்மத்துன்னிசா ஆற்றாமையோடு, “நீங்களே கப்பல்ல ஏத்திவிட்டு, இருந்த வேலையை அவளுக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்க,” என்றார்.

“அவ வராட்டியும் எனக்குக் கெடச்சிருக்காது மாமி. கணக்குல நான் ரொம்பக் கீழ,” என்றாள் அஸ்ரின். அது உண்மை. ஆனாலும் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒருபாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நளினிக்குப் போன் போட்டு வாழ்த்தினாள்.  போர்ட் பிளேரில் டெலானிபூர் அலுவலகத்தில் சேர்ந்த பிறகு, நளினி மாலையில் போனிலேயே அஸ்ரினுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். நெட் அறுந்து அறுந்து வரும். பாதிக் கணக்கில் குரல் நின்றுவிடும்.

அடுத்த அறிவிப்பில் அஸ்ரின் தேறினாள். ஆசைப்பட்டதைவிட ஒரு படி கீழான வேலைதான். ஆனால் ஹட் பேயிலேயே கிடைத்தது. ஊருக்குத் திரும்பத் துடித்த நளினிக்கு இன்னும் மாற்றல் வரவில்லை.

சேரும் அன்று ஹாதி ஸ்கூட்டரில் கொண்டுபோய் அலுவலக வாசலில் இறக்கிவிட்டான். ஹாண்டில் பாரைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“சாப்பாட்டுக்கு எப்ப விடுவாங்க?”

“தெரியல மச்சான். கேட்டுட்டுச் சொல்றேன்.”

“சரி. நெய்மீன் வந்திருக்காம், வாங்கி வைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைத் திருப்பினான். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள்.