படுத்துப் பார்க்க ஒரு முப்பத்திரண்டு இன்ச்

1. டிஃபெக்ட் இல்லாத டி.வி.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. அதில் டி.வி. செக்‌ஷனில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, நான் விற்ற டி.வி. ஆட்டோவில் திரும்பி வந்த கதையைத்தான்.

கொண்டுவந்தவள் வசந்தா. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் கேன்டீனில் வேலை. அவளுடைய மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று நான்கு நாள் முன்புதான் டி.வி. எடுத்திருந்தாள்.

"இன்னாக்கா டி.வி. இது? மூஞ்சியெல்லாம் கருகருன்னு கீது!"

கவுன்டரில் வைத்து பிளக் போட்டோம். படம் பளிச்சென்று வந்தது. மேனேஜர் பாஸ்கர் சார் இரண்டு சேனல் மாற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு? டிஃபெக்ட் இல்லாத செட்டை கம்பெனி எப்படி மாத்திக் குடுப்பான்?"

வசந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. சின்ன அறைக்கு முப்பத்திரண்டு இன்ச் போதும், அந்த சைஸுக்கு ஹெச்.டி. ரெடி அளவு தெளிவே தாராளம், 4கே எல்லாம் வீண் செலவு என்று அவளிடம் நான் சொன்னது சரிதான். ஆனால் பக்கத்தில் அதே சைஸில், கொஞ்சம் விலை கூடிய இன்னொரு செட்டைக் காட்டி, "ரெண்டுக்கும் இன்னாக்கா வித்தியாசம்?" என்று கேட்டாள். "பேருதான்மா வித்தியாசம். கண்ணை மூடிட்டு விலை கம்மியான இதையே எடு" என்று சொன்னவளும் நான்தான். அன்றைக்குக் கடையில் கூட்டம். விளக்கம் சொல்லச் சோம்பல்.

"நாளைக்கு எனக்கு ஆஃப். நானே உன் வீட்டுக்கு வந்து பாக்கறேன், வசந்தா" என்றேன்.

2. பகல் மேட்ச், அமாவாசை

திருநீர்மலை அடிவாரத்தில் ஒற்றை அறை வீடு. டி.வி. மாட்டும் மணியையும் கூட்டிப் போயிருந்தேன். பீரோவுக்கு மேலே, உயரத்தில், டி.வி.யைப் பழையபடி மாட்டிப் போட்டோம். கிரிக்கெட் ஓடியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. மணிக்கும் நன்றாகத் தெரிந்தது.

கட்டிலில் படுத்திருந்த மாமனார் தேசிங்கு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதான் இத்த வித்தவளா? நல்லா கேட்டுக்கோ. மேட்ச்சு பகல்ல நடக்குது. எனக்கு மட்டும் அமாவாசையா கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிலை ஒட்டித் தரையில் மல்லாந்து படுத்தேன். மணி பதறிவிட்டான்.

அண்ணாந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் முகமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பு சாம்பலாக இருந்தது. பந்தைக் காணவே காணோம். விலை குறைந்த பேனல்கள் சிலவற்றில் நேரே பார்த்தால் படம் தெளிவாக இருக்கும். கீழே இருந்து பார்த்தால் இருண்டுவிடும்; வசந்தா கேட்ட அந்த விலை கூடிய செட்டில் அப்படி ஆகாது. வியூயிங் ஆங்கிள் என்று டிரெய்னிங்கில் குறித்து வைத்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். படுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாத்திடலாமா ஐயா? தள்ளிப் போனா நல்லா தெரியும்."

"அதெல்லாம் ஆவாது. அங்க போனா தெரு தெரியாது. யாரு வராங்க, யாரு போறாங்கன்னு நான் பாக்க வேணாமா?"

கட்டில் நகராது, அப்படியானால் டி.வி.தான் குனிய வேண்டும். டில்ட் வால் மவுண்ட் என்று ஒன்று உண்டு. செட்டை முன்பக்கமாகச் சாய்த்து வைக்கலாம். மணி பைக்கில் கடைக்குப் போய் ஒன்று எடுத்து வந்தான். பழைய ஸ்டாண்டைக் கழற்றி, ஒரு சாண் இறக்கி, புதியதை மாட்டினான். நான் தரையில் படுத்தபடியே, "இன்னும் சாய்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆங், வுடு வுடு! பந்து தெரியுது!" என்று கத்தினார் தேசிங்கு. அடுத்த பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. "அடப்பாவி, இத்த பாக்கவா இவ்ளோ பாடு!"

வசந்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடுக்கா. ஆனா அன்னிக்கே சொல்லிகீலாம்ல?" என்றாள்.

3. நாங்கள் கேட்காத கேள்வி

கடையில் எல்லா டி.வி.யையும் கண் மட்டத்தில் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் நின்றபடி பார்த்து வாங்கிப் போகிறார்கள். வீட்டில் யார் நின்றுகொண்டு டி.வி. பார்க்கிறார்கள்?

அதற்குப் பிறகு நான் பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: யார் பார்ப்பது, எங்கே மாட்டுவீர்கள், பார்ப்பவர் உட்கார்ந்தா, படுத்தா? "டி.வி. வாங்க வந்தா ஜாதகம் கேக்கறீங்களே மேடம்" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள்.

போன மாதம், பள்ளிக்கரணையிலிருந்து டை கட்டிய ஆபீஸர் ஒருவர் வந்தார். பெட்ரூமுக்கு டி.வி. வேண்டுமாம். "அப்படின்னா படுத்துதானே பாப்பீங்க? கொஞ்சம் கீழ உக்காந்து பாருங்க சார்" என்றேன். பாஸ்கர் சார் முகம் வெளிறிவிட்டது. ஆபீஸர் ஒரு நிமிஷம் யோசித்தார். பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் காட்டிய இரண்டு செட்டையும் அண்ணாந்து பார்த்தார்; விலை குறைந்தது மட்டும் இருண்டு கிடந்தது. பிறகு, தூரத்தில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"சுஜா, இங்க வா. வந்து கீழ உக்காரு."