அடிபட்ட தொப்பி

அன்று காலையில் நான் எப்படி ரயில் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் சைக்கிளுக்கு ஹெல்மெட் வேண்டுமா வேண்டாமா என்று தினமும் சண்டை போடுகிறீர்கள். தம்பி, கீழே விழுந்தால் அது ஒன்றுக்கும் உதவாது என்கிறாய். அக்கா, அதுதான் அப்பாவைக் காப்பாற்றியது என்கிறாய். நான் பத்தாவதோடு நின்றவன், உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நினைவிருப்பது இவ்வளவுதான். மார்கழிப் பனி. ஆண்டர்சன்பேட்டையில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நம் லைன் வீட்டிலிருந்து மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு மிதித்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூர் வேலைக்குப் போகிற எல்லோரும் பிடிக்கும் விடியற்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய சாலையில் பனியும் மேடும் ஒரே வெள்ளை. எது மண், எது காற்று என்று பிரிக்க முடியவில்லை. மேட்டிலிருந்து மழையில் கரைந்து வந்த மண் சாலையில் கூழாகக் கிடந்ததைப் பார்த்தேன். பிரேக் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்து பங்காரப்பேட்டை. வண்டி நின்றிருக்கிறது. ஹெல்மெட் என் மடியில் இருக்கிறது. தினமும் எதிர் சீட்டில் வருகிற, துணி ஃபேக்டரியில் வேலை பார்க்கிற மனிதர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடுவில் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தால்கூடத் தூங்கினோம் என்று உடம்புக்குத் தெரியும். இது அப்படி இல்லை. பனியில் இருந்தேன், பிறகு ரயிலில் இருந்தேன்.

"இப்போ பரவால்லையா சார்?" என்றார் அவர்.

"எதுக்குங்க?"

"எதுக்கா? மாரிகுப்பத்துல ஏறினதுல இருந்து ஒரே கேள்வி. கேஜ் மேல வந்துடுச்சா, கேஜ் மேல வந்துடுச்சான்னு. நானும் வந்துடுச்சி, வந்துடுச்சின்னு சொல்லி அலுத்துட்டேன். நீங்க என்னிக்கு சார் கேஜ்ல எறங்கனீங்க?"

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டைத்தான் இங்கே கேஜ் என்பார்கள். நான் அதில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. சுரங்கத்தை மூடியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நந்திதுர்க் ஷாஃப்ட் வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் என் அப்பா. அவர்கூட வீட்டில் அப்படிக் கேட்டு என் காதில் விழுந்ததில்லை.

ஸ்டேஷன் டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். "நல்லாத்தான் இருந்தீங்க. சைக்கிள ஸ்டாண்டுல வுட்டு பூட்டினீங்க. டீ குடிச்சீங்க. ஒடம்பு ஒரு பக்கம் பூரா வெள்ளையா, விபூதி கொட்டின மாதிரி. நான்தான் துண்டால தட்டி வுட்டேன். சிரிச்சீங்க."

நான் சிரித்திருக்கிறேன். சைக்கிள் சாவி சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. என் வழி, என் ஸ்டாண்டு, என் சீட்டு எல்லாம் தெரிந்த ஒருவன் என் உடம்பைக் கொண்டுபோய் ரயிலில் உட்கார வைத்திருக்கிறான். அவனை எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அதிக நேரம் பார்ப்பதில்லை.

பங்காரப்பேட்டையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்றார். ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். காட்டினேன். வெளியே இடது பக்கம் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இதுதான் காப்பாற்றியதா சார் என்றேன். இருக்கலாம் என்றார். இது இல்லாமலும் இப்படியே பிழைத்திருக்கலாம், அதைப் பார்க்க உங்களை இன்னொரு தடவை தள்ளிவிடவா முடியும் என்று சிரித்துவிட்டு, கொஞ்ச நாள் சைக்கிளைத் தொடாதீர்கள் என்றார்.

உங்கள் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஹெல்மெட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அவர் சுரங்கத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர் என்று உங்களுக்குத் தெரியும்.

"இன்னாபா இது, தெர்மாகோலு. இதுவா ஒன் தலைய காப்பாத்துச்சு? ஒங்க அம்மா புண்ணியம்."

"நீங்க மட்டும் உள்ள தொப்பி போட்டுகினுதானே எறங்கனீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"அது சின்னக் கல்லுக்கும்மா. பாறை வெடிச்சி வந்தா தொப்பி இன்னா செய்யும்? நான் பாத்துகீறேன். தொப்பி முழுசா கெடக்கும். ஆளுதான் இருக்க மாட்டான்."

பிறகு அவரே ஹெல்மெட்டைத் திருப்பி, அந்தச் சிராய்ப்பைக் கட்டை விரலால் தடவினார். "ஆனா ஒண்ணு. அடிபட்ட தொப்பி இது. வுட்றாத."

அது இங்கே எல்லா லைன் வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். சுரங்கத்தில் ஒருவன் தலையில் கல் விழுந்து அவன் பிழைத்தால், அந்தத் தொப்பிக்கு மவுசு. அதைத் தம்பிக்கோ மச்சானுக்கோதான் கொடுப்பான், வெளியாளுக்குக் கொடுக்க மாட்டான். புதுத் தொப்பிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அடிபட்டது வேலை கற்றுக்கொண்டது என்பார்கள். என் அப்பா போட்டிருந்ததும் அவருடைய மாமன் போட்டு, நெற்றியில் பள்ளம் விழுந்த தொப்பிதான். அவர் முழு உடம்போடு ரிட்டையர் ஆனார்.

அதனால்தான், மகளே, அந்த ஹெல்மெட்டை உனக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு நீயும் அதே மேட்டுச் சாலையில்தான் போகிறாய். ஸ்டேஷனைத் தாண்டியும் மிதிக்க வேண்டும். கூடப் படிக்கிற பெண்கள், "இன்னாடி, ஷாஃப்ட்ல எறங்கப் போறியா?" என்று கேலி செய்தும் நீ கழற்றவில்லை. அப்பா தலை இருந்த இடம் என்று சொன்னாய்.

சில நாள் கழித்து நீ கேட்டாய்: "உள்ள இன்னாப்பா சத்தம்?"

"எங்க?"

"தலைய திருப்பினா கிரிச்சுன்னு ஒரு சத்தம். யாரோ பல்ல கடிக்கிற மாதிரி. மேட்டுகிட்ட காத்துல இன்னும் அதிகமா கேக்குது."

நான் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கேட்டது. மெதுவாக, காதுக்கு மேலே, இடது பக்கம். உடனே கழற்றிவிட்டேன். உன் தம்பியும் போட்டுப் பார்த்துவிட்டு அன்று இரவு என் பக்கத்தில் வந்து படுத்தான்.

பெரியவரிடம் சொன்னபோது, "கட்டை பேசும்பா," என்றார். மேலே பாறை அழுத்தினால் முட்டுக் கொடுத்த கட்டை முனகுமாம், அதைத்தான் பேசுவது என்பார்களாம். "பேசற கட்டைக்கு உயிர் கீது. ஒண்ணும் பண்ணாது, போட்டுகினு போவட்டும்." அவர் சொன்னதை நான் நம்பினேன். அந்தச் சத்தத்துக்கு ஒரு நல்ல அர்த்தம் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஒரு சனிக்கிழமை காலை, உனக்குப் பள்ளியில் தனி வகுப்பு இருந்தது. நீ கிளம்புவதற்கு முன்பே நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். விழுந்ததில் ஹேண்டில் கோணியிருந்தது. பெரியவரும் பேச்சுத்துணைக்கு வந்தார். சைக்கிள் கடைக்காரரிடம் போனதும் வழக்கம்போல ஹெல்மெட் பேச்சை எடுத்தார்.

"இன்னா மொதலாளி, தெர்மாகோல் யாவாரம் எப்டி போவுது?"

"உங்கள மாதிரி நாலு பேரு வாசல்ல குந்தினா எப்படி போகும்?" கடைக்காரர் ஸ்பேனரை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பழைய ஹெல்மெட்டை எடுத்தார். யாரோ விழுந்து, புதிது வாங்கிக்கொண்டு விட்டுப்போனது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் உள் பஞ்சை உரித்து, அடியிலிருந்த கருப்புத் தெர்மாகோல் நுரையை விரலால் அகட்டினார். காதுக்கு மேலே தொடங்கி உச்சி வரைக்கும் ஒரு விரிசல் வாயைத் திறந்தது. அழுத்தினார். கிரிச் என்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"அடிய இது வாங்கிகினு நசுங்கிடும். அதான் இதோட வேல. ஒரு தபா. அடுத்த தபா இதப் போட்டாலும் ஒண்ணு, போடலைன்னாலும் ஒண்ணு."

"ஒரு தபா தாங்கறதெல்லாம் ஒரு தொப்பியா?" என்றார் பெரியவர்.

"தீக்குச்சி இன்னா, பத்து தபாவா எரியுது?"

"நீ புதுசு விக்கணும், அதுக்கு ஒரு கதை."

"விக்கறேன், இல்லேன்னல. அதுக்காக இந்த விரிசல நானா போட்டேன்?"

பெரியவர் பதில் சொல்ல வாய் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். "புள்ள கெளம்பியிருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்காரருடைய சைக்கிளைக் கேட்காமலே எடுத்தேன். விழுந்த பிறகு முதல் தடவையாக மிதிக்கிறேன் என்பதோ, என் தலையில் ஒன்றும் இல்லை என்பதோ அப்போது தோன்றவில்லை. மேட்டுச் சாலைக்குத் திரும்பியதும் காற்று. பனிக்காலம் முடிந்திருந்தது, இது புழுதி. மேடு முழுவதும் உச்சியிலிருந்து புகைந்துகொண்டிருந்தது. சாலை சில அடிக்குத் தெரியும், பிறகு தெரியாது. நான் விழுந்த இடத்தை எங்கோ தாண்டியிருக்க வேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எந்த இடத்தைப் பார்த்தாலும் இதுதான் என்று தோன்றியது.

அப்போது முன்னால் ஒரு உருவம் தெரிந்தது. வெள்ளைக்குள் சைக்கிளின் பின்பக்கமும் அந்த ஹெல்மெட்டும் மட்டும். அவசரமில்லாமல், நேராக, எல்லாம் தெரிந்தவன் போலப் போய்க்கொண்டிருந்தது. நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அது நீ இல்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அன்று என் உடம்பை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவன் இவன்தான், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான், திரும்பினால் என் முகம் இருக்கும் என்று நினைத்தேன். மிதிப்பதை நிறுத்திவிட்டேன். கால் தரையில் ஊன்றிவிட்டது.

முன்னால் சாலையின் குறுக்கே மேட்டு மண் சரிந்து கிடந்தது. உருவம் அதை நோக்கிப் போனது. அதைப் பார்த்ததும் எவனாக இருந்தாலும் பரவாயில்லை என்று மிதித்தேன். பக்கத்தில் போய் உன் கேரியரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சாய்ந்தோம், விழவில்லை.

"இன்னாப்பா நீங்க. பயந்தே போய்ட்டேன்," என்றாய். "உங்க ஹெல்மெட் எங்க?"

"கழட்டு அத."

"ஏன்?"

"கழட்டும்மா."

ஓரமாக நின்று உள் பஞ்சை உரித்தோம். காதுக்கு மேலே, இடது பக்கம், என் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"அப்போ இது காப்பாத்தலியா?"

"என்னை காப்பாத்தியிருக்கும். இது இல்லன்னா இந்த வெடிப்பு என் தலைல விழுந்திருக்குமோ என்னமோ. உன்னை காப்பாத்தாது."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கோபப்பட்டாய். இருந்தாலும் ஏறவில்லை. இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பள்ளி வாசல் வரை நடந்தோம்.

அன்று மாலையே உங்கள் இருவருக்கும் எனக்கும் புதிது வாங்கினேன். பழையதை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. இந்த லைனில் அது அடிபட்ட தொப்பி என்று தெரிந்தால் யாரும் விட மாட்டார்கள், பிள்ளைக்குத்தான் போடுவார்கள். ரம்பத்தை எடுத்தேன்.

பெரியவர் வந்து நின்றார். "அடிபட்ட தொப்பிய அறுக்கறதா?" என்றார். "எங்க ஷிப்ட் ஆளுங்க பாத்தா என்னை ஒதைப்பானுங்க." அவருடைய ஷிப்ட் ஆட்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, மொட்டை போடும்போது குழந்தையின் தலையை அசையாமல் பிடிப்பார்களே, அப்படி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் அறுத்தேன்.